மஞ்சள் பூ வந்ததும் இடது பக்கம்

மலைச்சரிவில் இருந்த அந்த விடுதியில் மொத்தம் ஐந்து அறைகள். நான்கு அறைகள் தங்க வருபவர்களுக்கு. மிச்சமிருந்த ஒன்றில் அப்பா, அம்மா, அண்ணன், குண்டூசி ஆகிய நான்கு பேரும் இருந்தார்கள்.

குண்டூசிக்குப் பத்து வயது. பள்ளிக்கூடப் பதிவேட்டில் அவளுக்கு வேறொரு நல்ல பெயர் இருந்தது. ஆனால் ஆள் ஒல்லி, பேச்சு சுருக். அதனால் அப்பா வைத்த செல்லப் பெயரே நிலைத்துவிட்டது. நல்ல பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்கமாட்டாள்.

அம்மா கீழே சுகாதார நிலையத்தில் நர்ஸ். காலையில் போனால் சாயங்காலம்தான் வருவார். விடுதி அப்பாவின் பொறுப்பு. சமையல், படுக்கை விரிப்பு, ஒழுகும் குழாய் எல்லாம் அவர் தலையில். அண்ணனுக்குப் பதினாறு வயது. விறகு பிளப்பது அவன் வேலை. ஆனால் அவனைத் தேடினால், பெரும்பாலும் மொட்டைமாடியில் போனைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிக்னலுக்காக நின்றுகொண்டிருப்பான்.

விடுதிக்கு வருபவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். “நடந்து போய்ப் பார்க்கிற மாதிரி இங்க என்ன இருக்கு?”

அப்பா கரண்டியும் கையுமாகச் சமையலறையிலிருந்து வெளியே வந்து பதில் சொல்வார்.

“பின்வாசல் வழியா இறங்குங்க. ஓடை வரும். மரப்பாலம் வரும். தாண்டினா ஏத்தம். ஏத்தம் முடிஞ்சா புல்வெளி. புல்வெளி முடியற இடத்துல வழி ரெண்டா பிரியும். இடது பக்கம் போனா அருவி. அப்படியே சுத்திக்கிட்டு நம்ம முன்வாசலுக்கே வந்துடலாம்.”

இதைச் சொல்லி முடிப்பதற்குள் அடுப்பில் ஏதாவது தீய்ந்துவிடும்.

ஒரு நாள் ஆறு முட்டைகள் வாணலியோடு கருகின. அன்றைக்குத்தான் குண்டூசி கேட்டாள். “நான் ஒரு மேப் வரைஞ்சு தரவாப்பா?”

அந்தப் பாதை அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். எந்தச் செடியின் இலையைக் கசக்கினால் எலுமிச்சை வாசனை வரும், எந்த மரத்தின் பட்டை காகிதம் போல உரியும், எந்தப் புதரில் கை பட்டால் நாள் முழுக்க அரிக்கும் எல்லாம் அவளுக்குத் தெரியும்.

வழி பிரியும் இடத்தில் நின்ற செடி அவளுக்கு ரொம்பப் பிடித்தது. அவளுடைய இடுப்பு உயரம்தான் இருக்கும். வருடத்தில் பத்து மாதம் யார் வம்புக்கும் போகாமல் பச்சையாக நிற்கும். மழை விட்டதும் கிண்ணம் கிண்ணமாக மஞ்சள் பூ பூக்கும். கிண்ணத்துக்குள் தேன் இருக்கும். எறும்புகள் வரிசையாக ஏறிக் குடித்துவிட்டு வரிசையாக இறங்கிப் போகும். மலையில் இருப்பவர்கள் அதைத் தேன்கிண்ணம் என்பார்கள். அது அந்த மலைக்கே சொந்தமான செடி. பக்கத்து மலையில்கூடக் கிடையாது. அந்தப் பாதையிலும் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

அதனால் குண்டூசி வரைபடத்தில் அந்த இடத்தில் மஞ்சள் பென்சிலை அழுத்தித் தேய்த்து ஒரு செடி வரைந்தாள். பக்கத்தில், ‘மஞ்சள் பூச்செடி வந்ததும் இடது பக்கம் திரும்பவும்’ என்று எழுதினாள்.

அப்பா அதைக் கடையில் கொடுத்து இருபது கலர் நகல் எடுத்து, வாசல் மேஜையில் அடுக்கி வைத்தார். மூன்று வாரம் எல்லாரும் போனார்கள், அருவியைப் பார்த்தார்கள், பசியோடு திரும்பி வந்தார்கள். முட்டைகளும் கருகவில்லை.

நான்காவது வாரம் சனிக்கிழமை. இரண்டாம் அறையில் ஒரு கண் டாக்டரும் அவருடைய ஐந்து வயது மகளும் தங்கியிருந்தார்கள். மகளை அவர் ‘பட்டு’ என்று கூப்பிட்டார். நான்காம் அறையில் ஒரு தையல்கார அக்கா. அந்த அக்கா விடிந்ததுமே வரைபடத்தை எடுத்துக்கொண்டு நடக்கப் போய்விட்டார்.

டாக்டர் அப்படி இல்லை. ரொட்டியைத் தின்றுகொண்டே வரைபடத்தை மூன்று முறை படித்தார். பிறகு குண்டூசியைக் கூப்பிட்டார்.

“ஏம்மா, இடது பக்கம்னு போட்டிருக்கியே, அது என்னோட இடது பக்கமா, மேப்போட இடது பக்கமா?”

“உங்க இடது பக்கம்தான் சார்.”

“செடியைப் பார்த்து நின்னா இடதா? இல்ல, செடிக்கு முதுகு காட்டி நின்னா இடதா?”

“செடிக்கு எதுக்கு சார் முதுகைக் காட்டப்போறீங்க?”

பட்டு சிரித்தாள். டாக்டர் சிரிக்கவில்லை. பேனாவை எடுத்து வரைபடத்தில் ‘என் இடது’ என்று குறித்துக்கொண்டார்.

“சீட்டுல எழுதியிருக்கிறதை அப்படியே செஞ்சாத்தான் குணமாகும்,” என்றார். “நான் எழுதிக் கொடுக்கிறதுல ஜனங்க பாதியைத்தான் செய்றாங்க. அதனாலதான் திரும்பத் திரும்ப என்கிட்டயே வர்றாங்க.”

பத்து மணிக்கு டாக்டரும் பட்டுவும் கிளம்பினார்கள். “ஒரு மணிக்குச் சாப்பாட்டுக்கு வந்துடுவோம்,” என்று டாக்டர் கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னார். அவர் ஒரு மணி என்றால் ஒன்று ஐந்து ஆகாது என்று பார்த்தாலே தெரிந்தது.

பதினோரு மணிக்குத் தையல்கார அக்கா அருவிப் பக்கமாகச் சுற்றி முன்வாசலுக்கு வந்து சேர்ந்தார். செருப்பெல்லாம் சேறு. முகமெல்லாம் சிரிப்பு. கையில் மஞ்சளாக ஒரு பெரிய கொத்து.

“குட்டி, சீக்கிரம் ஒரு டம்ளர்ல தண்ணி கொண்டா!”

குண்டூசி தண்ணீர் கொண்டுவந்தாள். கொத்தைப் பார்த்ததும் அவள் முகம் சுருங்கியது.

“இது தேன்கிண்ணம் ஆச்சே அக்கா.”

“அதுக்குப் பேரெல்லாம் இருக்கா? இந்த மஞ்சளைப் பாரு. பத்து வருஷமா இந்தக் கலர்ல நூல் தேடறேன். எலுமிச்சைப்பழ மஞ்சளும் இல்ல, மஞ்சத்தூள் மஞ்சளும் இல்ல. ஊருக்குப் போனதும் நூல் கடைக்காரர் மூஞ்சிக்கு நேரா நீட்டி, இந்தக் கலர்ல கொடுங்கன்னு கேக்கப்போறேன்.”

“எல்லாத்தையுமா பறிச்சீங்க?”

“ஏழு கொத்துதான் இருந்துச்சு. போற வழியில பாதி வாடிடுமோன்னு ஏழையும் எடுத்துக்கிட்டேன்.”

குண்டூசி வரிசையில் வரும் எறும்புகளை நினைத்துக்கொண்டாள். நாக்கு நுனிவரை ஒரு பேச்சு வந்தது. தங்க வந்தவர்களிடம் எதிர்த்துப் பேசக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். டம்ளரைச் சாப்பாட்டு மேஜையின் நடுவில் வைத்துவிட்டு, துவைத்த விரிப்புகளை உலர்த்தப் போய்விட்டாள்.

ஒரு மணி ஆனது. அப்பா சூப்பை இறக்கி வைத்தார். டாக்டரையும் பட்டுவையும் காணோம்.

ஒன்றரை ஆனது. அப்பா சூப்பை மறுபடி சூடாக்கினார்.

இரண்டு மணிக்கு அப்பா டாக்டரின் எண்ணுக்குப் போன் செய்தார். அவர் தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக ஒரு குரல் பணிவாகச் சொன்னது.

“அருவியில விளையாடிக்கிட்டு இருப்பாங்க. சின்னப் பிள்ளை தண்ணியைப் பார்த்தா நகருமா?” என்று அப்பா தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஆனால் ஜன்னல் வழியாக மலை உச்சியைப் பார்த்தபடிதான் சொன்னார். அந்த மாதத்தில் நாலு மணி வாக்கில் மூடுபனி இறங்கும். இறங்கினால் நம் கையே நமக்குத் தெரியாது.

குண்டூசி மேஜை துடைத்துக்கொண்டிருந்தாள். டம்ளரை நகர்த்துவதற்காகத் தூக்கினாள். தூக்கியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

ஏழு கொத்தும் டம்ளரில் இருக்கிறது. அப்படியானால் செடியில் என்ன இருக்கும்?

‘மஞ்சள் பூச்செடி வந்ததும் இடது பக்கம் திரும்பவும்.’

யாரிடமும் சொல்லாமல் இருந்துவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது. எப்படியும் வந்துவிடுவார்கள். மேப் தப்பு என்று யாருக்கும் தெரியவே தெரியாது. அடுத்த நொடி, பட்டு சிரித்தது ஞாபகத்துக்கு வந்தது.

சமையலறைக்குள் ஓடினாள்.

“அப்பா! அவங்க அருவிக்குப் போகவே இல்ல!”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“மஞ்சள் பூவெல்லாம் நம்ம டம்ளர்ல இருக்கு. அந்த டாக்டர் எழுதினதை எழுதினபடி செய்யற ஆளு. மஞ்சள் பூவைப் பார்க்காம அவர் திரும்பவே மாட்டாரு. பார்க்கிற வரைக்கும் நேரா போய்க்கிட்டே இருப்பாரு.”

சத்தம் கேட்டு உள்ளே வந்த அண்ணன், “நேரா போனா எங்கடி மஞ்சள் பூ இருக்கு?” என்றான். கேட்டு முடிப்பதற்குள் அவனுக்கே பதில் தெரிந்துவிட்டது.

“தொட்டி!” என்றார்கள் இருவரும் ஒன்றாக.

மலைக்கு அந்தப் பக்கம் ஒரு பழைய தண்ணீர்த் தொட்டி இருந்தது. அதைச் சுற்றி யாரோ எந்தக் காலத்திலோ வெளியூரிலிருந்து ஒரு முள்செடியைக் கொண்டுவந்து வேலிக்காக நட்டிருந்தார்கள். வேலியாக இரு என்றால் அது காடாகவே வளர்ந்துவிட்டது. அதன் பக்கத்தில் வேறு ஒரு புல்கூட முளைப்பதில்லை. ஆனால் பூ என்னவோ மஞ்சள்தான். ஆயிரக்கணக்கில்.

அப்பா அடுப்பை அணைத்தார். தையல்கார அக்காவிடம் போய், “டாக்டரை இன்னும் காணோம். போய்ப் பார்த்துட்டு வர்றோம். கொஞ்சம் விடுதியைப் பார்த்துக்கறீங்களா?” என்று மட்டும் கேட்டார்.

“நான் பார்த்துக்கறேன், நீங்க கிளம்புங்க,” என்றார் அக்கா.

மூன்று பேரும் பின்வாசல் வழியாக இறங்கினார்கள். பாலத்தைத் தாண்டி, ஏற்றத்தை ஏறி, புல்வெளியைக் கடந்து, வழி பிரியும் இடத்துக்கு வந்தபோது மணி மூன்று. தேன்கிண்ணம் மொட்டையாக நின்றது. இடது பக்க வழி ஒற்றையடிப் பாதை. நேர் வழியோ அகலமாக, ‘இப்படி வாங்க’ என்று கூப்பிடுவது போல இருந்தது.

“நீ சொல்றது சரியாத்தான் இருக்கும்னு தோணுது,” என்றார் அப்பா. “ஆனாலும் அருவிகிட்ட வழுக்குப் பாறை இருக்கு. அங்க பார்க்காம விட முடியாது. நான் அருவிக்குப் போயிட்டு வர்றேன். நீங்க ரெண்டு பேரும் தொட்டி வரைக்கும் போங்க. தொட்டியைத் தாண்டி ஒரு அடிகூட வைக்கக் கூடாது. புரிஞ்சுதா?”

“புரிஞ்சுதுப்பா.”

“டேய், உன்கிட்டயும்தான் சொல்றேன்.”

“எனக்கும் புரிஞ்சுது,” என்றான் அண்ணன்.

நேர் வழி இறக்கம். இருவரும் வேகமாக நடந்தார்கள். அரை மணி நேரத்தில் தொட்டி தெரிந்தது. சுற்றிலும் மஞ்சளோ மஞ்சள். தூரத்திலிருந்து பார்த்தால் யாரும் அழகு என்றுதான் சொல்வார்கள்.

அங்கே யாரும் இல்லை.

“பாரு, நீ சொன்னது தப்பு,” என்றான் அண்ணன்.

குண்டூசி தொட்டியைச் சுற்றி வந்தாள். சிமென்ட் விளிம்பில் ஆரஞ்சுத் தோல் கிடந்தது. சும்மா கிடக்கவில்லை. இரண்டு துண்டு கண், ஒரு துண்டு மூக்கு, வளைவாக ஒரு துண்டு வாய்.

“இது டாக்டர் செஞ்ச வேலையா இருக்காது,” என்றாள் குண்டூசி.

மஞ்சள் பூவைப் பார்த்திருக்கிறார்கள். உட்கார்ந்து ஆரஞ்சு தின்றிருக்கிறார்கள். பிறகு? டாக்டரின் இடது பக்கம் திரும்பியிருப்பார்கள். தொட்டிக்கு இடது பக்கம் பாதையே கிடையாது. முள்காட்டுக்குள் மாடுகள் நடந்து நடந்து உண்டான நாலைந்து தடங்கள் இருந்தன. எல்லாம் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு எங்கெங்கோ போயின.

“வா, உள்ள போய்ப் பார்க்கலாம்,” என்று அண்ணன் ஒரு காலை எடுத்து வைத்தான்.

“அப்பா என்ன சொன்னாரு?”

“அவங்க இங்க இருக்காங்கன்னு அப்பாவுக்குத் தெரியாதே! தெரிஞ்சா அவரே போகச் சொல்வாரு.”

குண்டூசி மேலே பார்த்தாள். மூடுபனி அன்றைக்கு நாலு மணிக்குக் காத்திருக்கவில்லை. மேலே இருந்த முள்செடிகள் ஏற்கெனவே வெள்ளையில் மறைந்துவிட்டன.

“நாமளும் உள்ள போயிட்டா, அப்பா நாலு பேரைத் தேடணும்,” என்றாள்.

அண்ணன் காலைப் பின்னால் எடுத்துக்கொண்டான்.

இருவரும் சேர்ந்து கத்திப் பார்த்தார்கள். காற்று அந்தச் சத்தத்தைப் பக்கத்திலேயே போட்டுவிட்டுப் போனது. அண்ணன் விசிலடித்தான். அதுவும் தூரம் போகவில்லை.

குண்டூசி தொட்டியின் மேலே பார்த்தாள். துருப்பிடித்த பெரிய இரும்பு மூடி ஒன்று இருந்தது. உள்ளே தண்ணீர் இல்லை, வெறும் காலித் தொட்டி. அவள் கைக்கு அடங்கும் ஒரு கல்லை எடுத்துக்கொண்டு மேலே ஏறி, மூடியின்மேல் ஓங்கி அடித்தாள்.

ணங்ங்ங்!

சத்தம் தொட்டிக்குள் போய் இரண்டு மடங்காகி வெளியே வந்தது. அண்ணன் காதைப் பொத்திக்கொண்டான்.

மூன்று முறை அடித்தாள். நிறுத்திக் கேட்டாள். ஒன்றும் இல்லை. மறுபடி மூன்று முறை. மறுபடி அமைதி. ஐந்தாவது தடவை நிறுத்தியபோது, பனிக்குள்ளிருந்து நூல் மாதிரி ஒரு குரல் வந்தது.

“யாரு மேளம் அடிக்கிறது?”

“பட்டு!” என்று கத்தினான் அண்ணன். “சத்தம் வர்ற பக்கமா வாங்க! ஓடாதீங்க, மெதுவா வாங்க!”

அதற்குப் பிறகு அவர்கள் நிறுத்தவே இல்லை. குண்டூசிக்குக் கை வலித்தால் அண்ணன் அடித்தான். அண்ணனுக்கு வலித்தால் குண்டூசி அடித்தாள். பனி தொட்டியையும் மூடிக்கொண்டது. கால்மணி நேரம் கழித்து, வெள்ளைக்குள் முதலில் ஒரு சின்னத் தொப்பி தெரிந்தது. அதற்குக் கீழே பட்டு. அவளுக்குக் கீழே, அவளைத் தோளில் சுமந்தபடி டாக்டர். சட்டை மூன்று இடத்தில் கிழிந்திருந்தது. கையில் வரைபடம் நான்காக மடித்தபடி அப்படியே இருந்தது.

“நான் என் இடதுலதானே திரும்பினேன்?” இதுதான் அவர் பேசிய முதல் பேச்சு.

“ஆமா சார். நீங்க சரியாத்தான் திரும்பினீங்க. செடிதான் வேற.”

டாக்டர் மகளை இறக்கிவிட்டார். அவருக்கு மூச்சு வந்ததும் கோபமும் வந்தது.

“மஞ்சள் பூன்னு எழுதிட்டா போதுமா? இந்த மலையில மஞ்சள் பூ ஒண்ணுதான் இருக்கா? எந்தப் பக்கம் போனாலும் ஒரே மாதிரி முள்ளு. குழந்தையை வெச்சுக்கிட்டு மூணு மணி நேரமா சுத்தறேன்!”

அண்ணன் வாயைத் திறந்தான். “அது வந்து சார், அந்த நாலாம் நம்பர் ரூம்ல...”

குண்டூசி அவன் காலை மிதித்தாள். நன்றாகவே மிதித்தாள்.

“தப்பு மேப்லதான் சார்,” என்றாள். “நான்தான் வரைஞ்சேன்.”

டாக்டர் இன்னும் நிறையப் பேசத் தயாராக இருந்தார். தப்பு என்று எதிராளி ஒப்புக்கொண்டுவிட்டால் மேற்கொண்டு என்ன பேசுவது? வரைபடத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

“இனிமே சரியா வரை,” என்று மட்டும் சொன்னார்.

அகலமான வழி என்பதால் பனியிலும் நடக்க முடிந்தது. பட்டு குண்டூசியின் கையைப் பிடித்துக்கொண்டாள். வழி பிரியும் இடத்தில் அப்பா நின்றிருந்தார். இவர்களைப் பார்த்ததும் நான்கு பேரையும் ஒருமுறை எண்ணிப் பார்த்துக்கொண்டார்.

டாக்டர் தேன்கிண்ணத்தின் முன்னால் குனிந்தார். நோயாளியின் கண்ணைப் பார்ப்பது போல ஒரு காம்பைப் பிடித்துப் பார்த்தார்.

“இதுதான் அந்தச் செடியா? இதுல பூ இருந்திருக்கு. இன்னைக்குத்தான் கிள்ளியிருக்காங்க. காம்பு இன்னும் ஈரமா இருக்கு. யாரு கிள்ளினது?”

அப்பா வானத்தைப் பார்த்தார். அண்ணன் மிதிபட்ட காலைப் பார்த்தான்.

“பட்டுவுக்குப் பசிக்கும் சார், போகலாம்,” என்றாள் குண்டூசி.

பாலத்துக்கு வந்ததும்தான் அவளுக்குத் திடுக்கென்றது. டம்ளர்! சாப்பாட்டு மேஜையின் நட்டநடுவில் ஏழு கொத்தும் நின்றுகொண்டிருக்குமே! எல்லாரையும் விட்டுவிட்டு முன்னால் ஓடினாள்.

பின்வாசலில் தையல்கார அக்கா நின்றிருந்தார். ஒரு கையில் வரைபடம், ஒரு கையில் டம்ளர்.

“வந்துட்டாங்களா?”

“வந்துட்டாங்க அக்கா. ரெண்டு பேருக்கும் ஒண்ணும் ஆகல. முள்ளு குத்தினதுதான்.”

அக்கா மெதுவாகப் படிக்கட்டில் உட்கார்ந்தார்.

“சும்மா உட்கார்ந்திருக்கோமேன்னு இதை எடுத்துப் படிச்சேன் குட்டி. காலையில நானே இந்தப் பூவைப் பார்த்துத்தான் இடது பக்கம் திரும்பினேன். திரும்பறதுக்கு முன்னாடி...” அக்கா டம்ளரைப் பார்த்தார். “அவர்கிட்ட சொல்லிட்டியா?”

“இல்ல.”

“ஏன்?”

குண்டூசி யோசித்தாள். “பறிக்கறப்போ உங்களுக்குத் தெரியாதே. எனக்கே மூணு மணி நேரம் கழிச்சுத்தான் புரிஞ்சுது.” பிறகு கையை நீட்டினாள். “கொடுங்க, உள்ள கொண்டுபோய் வெச்சுடறேன். அவர் கண்ணுல பட்டா அவ்வளவுதான்.”

அக்கா கொஞ்ச நேரம் டம்ளரைக் கையிலேயே வைத்திருந்தார்.

“வேண்டாம்,” என்று எழுந்தார். டம்ளரோடு ஓடைப் பக்கம் இறங்கிப் போனார்.

அக்கா டாக்டரிடம் என்ன சொன்னார் என்று குண்டூசிக்குக் கேட்கவில்லை. இருவரும் பனியில் நிழல் மாதிரி நிற்பதுதான் தெரிந்தது. டாக்டர் கையை ஆட்டி ஏதோ சொன்னார். அக்கா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். பிறகு டாக்டர் டம்ளரை வாங்கி மூக்கருகே வைத்துப் பார்த்தார். பட்டு எட்டிப் பார்த்தாள்.

“அப்பா, இதுக்குள்ள ஒரு எறும்பு நீச்சலடிக்குது!”

டாக்டர் ஒரு காம்பைக் கிள்ளி எறும்பைக் கரை ஏற்றினார். அதன் பிறகு அவர் கையை ஆட்டவில்லை.

அம்மா வேலை முடிந்து வந்ததும், இடுக்கியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். பட்டுவின் காலில் இரண்டே முள். டாக்டரின் கையில் பதினெட்டு. பட்டு அழவில்லை. டாக்டர்தான் ஒவ்வொரு முள்ளுக்கும் “ஐயோ” என்றார்.

“கையை ஆட்டாதீங்க டாக்டர். உங்ககிட்ட வர்றவங்க இப்படிக் கண்ணைச் சிமிட்டினா சும்மா விடுவீங்களா?” என்றார் அம்மா.

டாக்டரின் சட்டையைத் தையல்கார அக்கா வாங்கிக்கொண்டு போனார். சாப்பாடு முடிவதற்குள் மூன்று கிழிசலும் தெரியாதபடி தைத்துக் கொடுத்தார். டாக்டர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் தேடினார். அவருடைய கண்ணுக்கே தையல் அகப்படவில்லை. “பிரமாதம்!” என்றார்.

மறுநாள் வானம் பளிச்சென்று இருந்தது. புது வரைபடத்துக்கு அடையாளம் தேடக் குண்டூசி கிளம்பினாள். பட்டு கூடவே வந்தாள். பட்டு போகிறாள் என்று டாக்டர் வந்தார். தையல்கார அக்காவும் வந்தார்.

வழி பிரியும் இடத்தில் நின்று குண்டூசி சுற்றிலும் பார்த்தாள். “இங்க வேற என்ன இருக்கு?”

“இதோ, இது கொட்டாவி விடுதே!” என்றாள் பட்டு.

அவள் காட்டியது ஒரு பாறை. ஜீப் அளவு இருக்கும். நடுவில் பெரிய பிளவு. பார்த்தால் உண்மையிலேயே யாரோ தூங்கி எழுந்து கொட்டாவி விடுவது போலத்தான் இருந்தது. குண்டூசி பிறந்ததிலிருந்து அதைத் தாண்டித்தான் போய்க்கொண்டிருந்தாள். செடிகளைப் பார்க்கும் மும்முரத்தில் பாறையைப் பார்த்ததே இல்லை.

“இதை நான்கூடப் பறிக்க முடியாது,” என்றார் தையல்கார அக்கா. டாக்டர் அன்றுதான் முதல் தடவையாகச் சிரித்தார்.

வழி காட்டுவதற்குப் பாறை, பாலம், ஏற்றத்தில் விழுந்து கிடந்த ஒரு பெரிய மரம். அது முடிவாகிவிட்டது. ஆனால் செடிகளை வரைபடத்திலிருந்து எடுத்துவிடக் குண்டூசிக்கு மனம் வரவில்லை. போகும் வழியெல்லாம் இலையைக் கசக்கி மோந்து பார்க்கச் சொன்னாள். காகிதப் பட்டையைத் தொட்டுப் பார்க்கச் சொன்னாள். அரிக்கும் புதரை மட்டும் தொலைவிலிருந்து காட்டினாள். டாக்டர் எல்லாவற்றையும் சொன்னபடி செய்தார்.

அன்று இரவே புது வரைபடம் தயாரானது. கொட்டாவிப் பாறை வந்ததும் இடது பக்கம். செடிகள் இருக்கும் எட்டு இடங்களில் பச்சைப் பென்சிலால், ‘இங்கே நிற்கவும், பார்க்கவும், பறிக்க வேண்டாம்’ என்று எழுதியிருந்தது. தேன்கிண்ணத்துக்குப் பக்கத்தில் ஓர் எறும்பையும் வரைந்திருந்தாள்.

அடுத்த சனிக்கிழமை ஒரு பஸ் டிரைவரும் அவர் மனைவியும் வந்து தங்கினார்கள். காலையிலேயே புது வரைபடத்தோடு கிளம்பிப் போனார்கள்.

ஒரு மணிக்கு வரவில்லை. இரண்டு மணிக்கும் வரவில்லை. அப்பா டார்ச்சை எடுத்து வைத்தார். கயிற்றையும் எடுத்து வைத்தார். அண்ணன் தொட்டியில் அடிக்க நல்ல கல்லாக ஒன்று தேடினான். குண்டூசி வரைபடத்தின் நகலை எடுத்துத் திரும்பத் திரும்பப் படித்தாள். எங்கே தப்பு? எதை யார் பறித்திருக்க முடியும்?

மூன்று மணிக்கு முன்வாசலில் பேச்சுக்குரல் கேட்டது. டிரைவரும் அவர் மனைவியும் ஆடி அசைந்து வந்துகொண்டிருந்தார்கள்.

“என்ன சார் ஆச்சு? வழி தவறிட்டீங்களா?” அப்பா ஓடினார்.

“வழியா? வழி ரொம்ப சுலபமா இருந்துச்சே!” என்றார் டிரைவர். “மேப்ல எட்டு இடத்துல ‘நிற்கவும்’னு போட்டிருக்கு. இருபது வருஷமா பஸ் ஓட்டறேன். ஸ்டாப்னு போட்ட இடத்துல நிக்காம போற பழக்கம் எனக்குக் கிடையாது.”

“அந்த எறும்பு வரிசை இருக்கே, அங்க மட்டும் ஒரு மணி நேரம்!” என்றார் அவர் மனைவி. “இவர் எழுந்திருக்கவே இல்ல.”

“எறும்பா? அப்போ பூ இருக்கா?” என்றாள் குண்டூசி.

“புதுசா ரெண்டு பூத்திருக்கு.”

குண்டூசிக்குக் காது வரைக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அப்பா கயிற்றையும் டார்ச்சையும் உள்ளே வைத்துவிட்டு, சூப்பை மூன்றாவது தடவையாக அடுப்பில் ஏற்றினார்.

“குண்டூசி! அந்த மேப்ல ‘கிளம்பவும்’னு எங்கயாவது எழுதியிருக்கியா?”

“இல்லியேப்பா.”

“எழுது.”

குண்டூசி பச்சைப் பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்தாள். எட்டு இடத்திலும் எழுத வேண்டியிருந்தது.